யாருக்குக் கேட்டது, யாரிடம் சொன்னது?

போன இதழில் 'கேள்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நாம் படுகிற பாட்டைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காதும் வாயும் சம்பந்தப்பட்டவை. எனவே இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். வேறு கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஹியர்', 'லிஸன்' இரண்டுக்கும் அகராதியில் 'கேள்' என்றே இருக்கிறது. தானாகக் காதில் விழுவது ஹியர், கவனித்துக் கேட்பது லிஸன் என்று பள்ளியில் சொன்னார்கள். மனப்பாடமாகத் தெரிகிறது, எழுதும்போது மட்டும் மாறிவிடுகிறது. என்ன செய்ய?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பள்ளியில் சொன்னது முக்கால்வாசி சரி. ஆனால் அந்த வித்தியாசம் தமிழில் இல்லை என்று நினைத்துக்கொண்டு படிப்பதால்தான் ஒட்டமாட்டேன் என்கிறது. தமிழில் அது இருக்கிறது, வினைச்சொல்லில் தேடாதீர்கள், பக்கத்தில் நிற்கிற உருபைப் பாருங்கள்.

"பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எனக்குக் கேட்டது." இதில் நீங்கள் ஒன்றும் செய்யவில்லை, சத்தம்தான் உங்களைத் தேடி வந்தது, அதனால் 'நான்' போய் 'எனக்கு' வந்துவிட்டது. அது ஹியர். "ராத்திரி பாட்டுக் கேட்டேன்." நீங்களாக உட்கார்ந்து, ஹெட்ஃபோன் மாட்டி, செய்த காரியம். அது லிஸன். "கடைக்காரரிடம் வழி கேட்டேன்" என்றால் இரண்டும் இல்லை, அது ஆஸ்க். மூன்று ஆங்கில வினைகள் செய்கிற வேலையை நாம் ஒரே வினையையும் இரண்டு மூன்று உருபுகளையும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் முடித்துவிடுகிறோம். ஆகவே வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், 'எனக்கு', 'அவனுக்கு' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஹியர் போடலாம்.

பேச்சு வழக்கில் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. "அவர் சொன்னது காதில் விழுந்தது, ஆனால் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை" என்று நம் வீட்டில் யாரும் சொல்வார்கள். "ஐ ஹெர்ட் ஹிம், பட் ஐ டிட்ன்ட் லிஸன்." அவ்வளவுதான். "சொன்னால் கேட்கிறதே இல்லை இந்தப் பையன்" என்று அம்மாக்கள் அலுத்துக்கொள்வதும் லிஸன்தான். அதை ஹியர் என்று எழுதினால் பையனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்வார்கள். சொன்ன பேச்சுக் கேட்பதும் காதால் கேட்பதும் ஒன்றே என்கிற நினைப்பு நமக்கு மட்டும் உரியதில்லை. ஆங்கிலத்தில் கீழ்ப்படிதலைச் சொல்கிற 'ஒபே' என்ற சொல்லுக்குள் இருப்பதும் கேட்டல் என்று பொருள்படும் லத்தீன் வேர்தான்.

இனி மீதிக் கால்வாசி. மார்கழியில் சபாவுக்குப் போகிறீர்கள், டிக்கெட் வாங்கி, கேன்டீனில் டிபன் முடித்து, இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கவனமாகக் கச்சேரி கேட்கிறீர்கள். பள்ளி விதிப்படி இது லிஸன் ஆக வேண்டும். ஆனால் "ஐ ஹெர்ட் ஹெர் சிங் லாஸ்ட் டிசம்பர்" என்பதுதான் அங்கே இயல்பு. நேரில் போய்க் கேட்ட கச்சேரி, சொற்பொழிவு, கூட்டம் ஆகியவற்றை முழுசாக ஒரு நிகழ்ச்சியாகச் சொல்லும்போது ஹியர் வரும். அதே பாடகியை வீட்டில் ரேடியோவிலோ போனிலோ கேட்டால் லிஸன் டு. அந்த 'டு'வை விட்டுவிடாதீர்கள், எதைக் கேட்டோம், யாரைக் கேட்டோம் என்று சொல்கிற இடத்திலெல்லாம் லிஸனோடு அதுவும் கூடவே போகும். ஹியருக்கு அது வேண்டாம்.

'கேள்விப்பட்டேன்' என்பதற்கு எப்போதுமே ஹியர்தான். எவ்வளவு ஆசையாகக் காது கொடுத்துக் கேட்ட செய்தியாக இருந்தாலும் சரி.

அலுவலக ஜூம் மீட்டிங்கில் ஆளாளுக்கு 'ஆம் ஐ ஆடிபிள்?' என்கிறார்கள். ஒரு சீனியர் அது தவறு என்கிறார். உண்மையா? அப்புறம், 'ஐ ஆம் ஹியரிங் யூ' சொல்லலாமா?
– ஐடி ஊழியர், கோவை

முதலாவது தவறில்லை. இலக்கணப்படி சுத்தமான வாக்கியம். இந்தியாவில் நாம் போடுகிற அளவுக்கு மற்ற இடங்களில் யாரும் போடுவதில்லை, அவ்வளவுதான். லண்டனிலோ சிகாகோவிலோ இருப்பவர் "கேன் யூ ஹியர் மீ?" என்று கேட்பார். உங்கள் சீனியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் இதற்காக யாரும் வெட்கப்படவும் வேண்டாம்.

இரண்டாவதுதான் சிக்கல். "நீங்கள் பேசுவது கேட்கிறது" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால் அதை அப்படியே எடுத்துப்போய் 'ஹியரிங்' என்று வைத்துவிடுகிறோம். காது செய்கிற வேலையை ஆங்கிலம் அப்படி நடந்துகொண்டிருக்கிற செயலாகப் பார்ப்பதில்லை, முடிகிறதா இல்லையா என்றே பார்க்கிறது. "ஐ கேன் ஹியர் யூ." பார்ப்பதும் அப்படித்தான், கண்ணில் தெரிகிறது என்றால் "ஐ கேன் ஸீ இட்." (வீட்டில் யாரும் இல்லாதபோது ஏதோ சத்தம் கேட்கிற மாதிரி இருக்கிறது, பிரமையோ என்று பயந்தால் அப்போது 'ஹியரிங் திங்ஸ்' வரும். மீட்டிங்கில் அது வேண்டாம்.)

இதில் எனக்கு ஒரு பழைய வடு உண்டு. படித்து முடித்த புதிதில் ஒரு நிறுவனத்தில் போனிலேயே நேர்முகத் தேர்வு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் சிக்னல். நான் என்னைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறேன், எதிர்ப்பக்கம் மயான அமைதி. லைன் போய்விட்டதோ என்று பதறி, "சார், ஆர் யூ லிஸனிங்?" என்று கத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நிதானமாகப் பதில் வந்தது: "ஐ ஆம் லிஸனிங், பட் ஐ கான்ட் ஹியர் யூ." நான் கேட்க நினைத்தது லைன் நன்றாக இருக்கிறதா என்று. அவர் காதில் விழுந்தது, 'நான் பேசுகிறேன், கவனிக்கிறீரா இல்லையா' என்கிற வாத்தியார் அதட்டல். வேலை கிடைக்கவில்லை. காரணம் அதுதானா என்று தெரியாது, ஆனால் அன்றைக்குக் கற்றுக்கொண்ட வித்தியாசம் இன்றுவரை மறக்கவில்லை.

என் மகள் கீபோர்டு கிரேடு தேர்வுக்குப் போகிறாள். அதில் ஒரு பகுதிக்கு 'ஓரல் டெஸ்ட்' என்று டீச்சர் சொன்னதால், சங்கீதம் பற்றிக் கேள்வி பதில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். பாடத்திட்டத்தில் வேறு எழுத்தில் இருக்கிறதே?
– ஒரு தாய், சென்னை

மனப்பாடத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். பாடத்திட்டத்தில் இருப்பது ஆரல். வாய் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ஓரல், காது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ஆரல். டீச்சர் மேல் கோபப்படாதீர்கள், இங்கிலாந்துக்காரர்களில் நிறையப் பேர் வாயிலேயே இரண்டும் ஒரே மாதிரிதான் வருகிறது. குழப்பம் தாங்காமல் சிலர் காதுக்கு உரியதை வேண்டுமென்றே 'அவ்ரல்' என்று உச்சரித்துக் காட்டுவார்கள்.

லண்டனின் ஏபிஆர்எஸ்எம் என்ற இசைத் தேர்வு அமைப்பு நடத்துகிற பிராக்டிகல் கிரேடு என்றால், மொத்தம் 150 மதிப்பெண்ணில் இதற்கு 18. முதல் கிரேடில் தேர்வாளர் பியானோ வாசிக்கும்போது தாளத்துக்குச் சரியாகக் கைதட்டி அது இரண்டு எண்ணிக்கைத் தாளமா மூன்று எண்ணிக்கைத் தாளமா என்று சொல்ல வேண்டும், அவர் வாசிக்கிற சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்டதும் திருப்பிப் பாட வேண்டும், இரண்டாம் முறை வாசித்தபோது எங்கே மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டும், இப்படிப் போகும். பதில் சொல்வதும் பாடுவதும் வாயால்தான், ஆனால் சோதிப்பது காதை. அதற்கு எழுதி உருப்போட்டுப் பிரயோஜனமில்லை. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்.

இதோடு சேர்த்து இன்னொன்று. திருச்சியிலிருந்து ஒருவர், வீட்டுக்காரரோடு 'வெர்பல் அக்ரிமெண்ட்' மட்டும்தான், எழுத்தில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் புரியும், வழக்கிலும் இருக்கிறது. ஆனால் வெர்பல் என்றால் சொற்களால் ஆனது என்றுதான் நேர்ப்பொருள், எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரத்திலும் இருப்பது சொற்கள்தானே. வாய்ப்பேச்சோடு நின்ற ஒப்பந்தம் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுத ஓரல் நல்லது. அதைவிட நல்லது எழுதி வாங்கிக்கொள்வது, அது ஆங்கிலப் பிரச்சினை இல்லை என்றாலும்.

'ஹி டோல்ட் டு மீ', 'ஹி செட் மீ' என்றுதான் என் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். திருத்தித் திருத்திக் கை வலிக்கிறது.
– ஆசிரியை, விழுப்புரம்

மறுபடியும் அதே உருபுக் கதைதான். 'சொன்னான்' என்று நிறுத்தினாலும் தமிழில் வாக்கியம் முடியும், 'என்னிடம் சொன்னான்' என்றாலும் முடியும், வினை மாறாது. ஆங்கிலத்தில் கேட்பவர் வந்து நின்றால் வினையே மாற வேண்டும். டெல் என்பது எதிரில் ஆள் இல்லாமல் பெரும்பாலும் நிற்காது, அந்த ஆளும் இடையில் எதுவும் இல்லாமல் ஒட்டிக்கொண்டு வரவேண்டும்: "ஹி டோல்ட் மீ." சே என்பதற்கு ஆளைப் பற்றிக் கவலை இல்லை, சொன்ன வார்த்தைதான் முக்கியம், ஆள் அவசியம் வேண்டுமானால் நடுவில் 'டு' என்று ஒரு திண்டு வைக்க வேண்டும்: "ஹி செட் டு மீ." பிள்ளைகள் 'இடம்' என்ற உருபுக்கு ஒரு 'டு' தேடி டெல்லுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்கள். விதியாகச் சொல்லாமல், 'யாரிடம்?' என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் வாக்கியத்திலேயே இருந்தால் டெல், இல்லாவிட்டால் சே. பத்துக்கு எட்டு சரியாக வரும்.

மீதி இரண்டுக்கு விதி இல்லை. உண்மை, பொய், கதை, ஜோக், மணி என்ன என்று பார்த்துச் சொல்வது, இதற்கெல்லாம் கேட்பவர் இல்லாவிட்டாலும் டெல். வணக்கம் சொல்வது, பிரார்த்தனை சொல்வது, நன்றி சொல்வது சே. இவற்றைப் பாட்டு மாதிரி பழக்கிவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

வகுப்பில் சொல்ல ஒரு துணுக்கு: வங்கியில் பணம் எண்ணித் தருபவரை டெல்லர் என்கிறோமே, அவர் யாரிடம் என்ன சொல்கிறார்? ஒன்றும் இல்லை. டெல் என்பதற்கு ஒரு காலத்தில் எண்ணுவது என்று பொருள். 'ஆல் டோல்ட்' என்றால் எல்லாம் எண்ணி முடித்தால், அதாவது மொத்தத்தில். கதை சொல்வதும் நடந்ததை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண்ணி வைப்பதுதானே.

அப்படியே 'டிஸ்கஸ் அபவுட்' எழுதுகிற பிள்ளைகளுக்கு என் சார்பில் ஒரு குட்டு வையுங்கள். 'பற்றி' அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஐஇஎல்டிஎஸ் தேர்வில் 'ஸ்பீக்கிங்' என்கிறார்கள், ஏன் 'டாக்கிங்' இல்லை? இரண்டும் பேசுவதுதானே?
– யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

பேசுவதுதான். பல இடங்களில் மாற்றிப் போட்டாலும் குடி முழுகாது. ஸ்பீக் கொஞ்சம் சட்டை இன் பண்ணியது, டாக் லுங்கி கட்டியது. மொழி என்றால் எப்போதும் ஸ்பீக், மேடை என்றால் பெரும்பாலும் ஸ்பீக், திண்ணை என்றால் டாக். ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது ஸ்பீக், இருவரும் மாறி மாறிப் பேசுவது டாக். நீங்கள் எழுதப்போகிற தேர்விலேயே இது இருக்கிறது: 11 முதல் 14 நிமிடம் நடக்கிற அந்தப் பகுதியின் நடுவில் ஒரு அட்டையைக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தந்து, ஒன்று முதல் இரண்டு நிமிடம் நீங்களாகப் பேசச் சொல்வார்கள். தேர்வாளர் வாயைத் திறக்க மாட்டார். அது அசல் ஸ்பீக். பல பேர் அங்கேதான் நாற்பது விநாடியில் வறண்டுபோய் நிற்கிறார்கள். லிஸனிங் பகுதியில் 40 கேள்விகள், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். ஏன் ஹியரிங் டெஸ்ட் என்று பெயர் வைக்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும், அது காது மருத்துவமனையில் நடப்பது.

ஒரு எச்சரிக்கை. 'விலை பேசினோம்', 'பெண் பேசி முடித்தார்கள்' என்பவற்றில் இருக்கிற பேச்சை இரண்டிலும் போடாதீர்கள். முதலாவது பார்கெய்ன். இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் நேரான ஒற்றைச் சொல் கிடையாது, நம் கல்யாணத்தை நாமே நாலு வார்த்தையில் விளக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று வயது மகனுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் 'லாங்குவேஜ் டிலே' என்று இருக்கிறது. உறவினர் பையனுக்கு 'ஸ்பீச் டிலே' என்று போட்டிருந்தது. இரண்டும் ஒன்றா? இன்னொரு படிவத்தில் 'டெஃப் அண்ட் டம்' என்று கட்டம் இருக்கிறது, பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, மதுரை

ஒன்றில்லை. ஸ்பீச் என்றால் வாயிலிருந்து ஒலி சரியாக வருவது, லாங்குவேஜ் என்றால் சொல்லைப் புரிந்துகொள்வதும் சேர்த்துச் சொல்வதும். ஒரு குழந்தை நாம் சொல்வதையெல்லாம் புரிந்துகொள்கிறது, அதற்கு வேண்டியதையும் கேட்கிறது, ஆனால் 'சக்கரை' என்பது 'தத்தரை' என்று வருகிறது, வெளியாட்களுக்கு விளங்கவில்லை என்றால் அது ஸ்பீச் பக்கம். "பந்தை எடுத்து அக்காகிட்ட கொடு" என்று கையைக் காட்டாமல் சொன்னால் விழிக்கிறது, அல்லது புரிகிறது ஆனால் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வரவில்லை என்றால் அது லாங்குவேஜ் பக்கம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எதுவானாலும் முதலில் காதைச் சோதிப்பார்கள், அதைச் செய்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதைச் சோதிப்பவர் ஆடியாலஜிஸ்ட், பேச்சுப் பயிற்சி தருபவர் ஸ்பீச் தெரபிஸ்ட். மைசூரில் இருக்கிற மத்திய அரசு நிறுவனத்தின் பெயரிலேயே ஸ்பீச், ஹியரிங் இரண்டும் தனித்தனியாக இருக்கும். என் வேலை சொல்லோடு முடிகிறது, உங்கள் பையனுக்கு என்ன தேவை என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

படிவத்தில் இருக்கிற 'டம்' விஷயத்தில் உங்கள் கஷ்டம் நியாயமானது. ஒரு காலத்தில் அதற்குப் பேச்சு வராதவர் என்று மட்டும் பொருள், இன்றைக்கு முட்டாள் என்பதுதான் முன்னால் வந்து நிற்கிறது. அந்த இரட்டைச் சொல்லே தவறான எண்ணத்தில் பிறந்தது. காது கேளாதவர்களில் பெரும்பாலோருக்குக் குரல்வளையில் எந்தக் குறையும் இல்லை, ஒலியைக் கேட்டுப் பழகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. சைகை மொழியில் அவர்கள் பேசிக்கொள்வதை ஒருமுறை பார்த்தவர் அந்தச் சொல்லை அப்புறம் எழுதமாட்டார். சட்டம் மாறிவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் டெஃப், ஹார்ட் ஆஃப் ஹியரிங் என்ற இரண்டு பிரிவுகள் இருக்கின்றன: பேச்சு ஒலிகளின் அலைவரிசையில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் முதலாவது, 60 முதல் 70 வரை என்றால் இரண்டாவது. பேச்சும் மொழியும் சார்ந்த குறைபாடு தனி வகை. பழைய படிவத்தை அச்சடித்து அச்சடித்துக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கவில்லை. கட்டத்தை அடித்துவிட்டுச் சரியான சொல்லை நீங்களே எழுதுங்கள்.

ஆங்கிலத்தில்தான் எத்தனை நுணுக்கம்! தமிழில் சொல், பேசு என்பதோடு சரி, பஞ்சம்தான் போலிருக்கிறது.
– ஓய்வு பெற்ற வாசகர், தஞ்சாவூர்

ஐயா, தஞ்சாவூரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? இடித்துச் சொன்னால் கழறு, கிளி மாதிரி மழலையாகச் சொன்னால் மிழற்று, ஊரறியச் சொன்னால் அறை (பறை அறைவது அந்த அறைதான்), விலை கூறி விற்றால் பகர். கேட்டதற்குப் பதிலாகச் சொல்வதைச் செப்பு என்று தனியாகப் பிரித்து, வினாவும் செப்பும் பிசகாமல் காக்க வேண்டும் என்று தொல்காப்பியம் ஒரு நூற்பாவே போட்டிருக்கிறது. விளம்பு என்றால் எடுத்துச் சொல்வது, கன்னியாகுமரிப் பக்கம் போனால் இன்னும் பந்தியில் சோறு விளம்புவார்கள். 'கேள்வி' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு அது கொஸ்டின், ஆனால் குறளில் 42ஆம் அதிகாரமாக நிற்கிற கேள்வி முழுக்க முழுக்க லிஸனிங். படிக்காவிட்டாலும் பரவாயில்லை, கேளு என்று அதில் வள்ளுவர் சொல்கிறார். பஞ்சம் மொழியில் இல்லை, நாம் புழங்குகிற பாத்திரம்தான் இரண்டாகச் சுருங்கிவிட்டது.

'ஓவர்ஹியர்', 'ஈவ்ஸ்டிராப்' இரண்டும் ஒட்டுக்கேட்பதா?
– வாசகி, திருநெல்வேலி

இரண்டாவது மட்டும். கூரையின் இறவாரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுகிற இடத்துக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் அந்தப் பெயர், பிறகு அங்கே சுவரோரமாக நின்று உள்ளே பேசுவதைக் கேட்பவன் தலையில் அது விழுந்தது. டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருப்பவர் சத்தமாகப் பேசுவது உங்கள் காதில் விழுந்தால் ஓவர்ஹியர். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தியதும், நீங்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பேப்பர் படிக்கிற மாதிரி கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தால் ஈவ்ஸ்டிராப்.